ஆட்சி மாறினால் ஆள் மாற்றமா? சர்க்கார் வக்கீல் நாற்காலிக்கு கோர்ட்டில் நடக்கும் சண்டை!

ஆட்சி மாறினால் மந்திரிகள் மாறுவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கொஞ்ச நாளில் கோர்ட்டிலும் ஒரு மாற்றம் நடக்கும். அது வெளியே அவ்வளவாகத் தெரியாது. நேற்று வரை சர்க்கார் தரப்பில் நின்று வாதாடிய வக்கீல், கேஸ் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு வெளியே போவார். புதிய ஆள் வந்து அந்த நாற்காலியில் உட்காருவார்.

போகிறவர் சும்மா போவாரா? சிலர் போய்விடுவார்கள். சிலர் அதே கோர்ட்டில் ரிட் மனு போடுவார்கள். “என்னை ஏன் நீக்கினீர்கள்?” என்று கேட்பார்கள். சில சமயம் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து, “இவரை எந்த அடிப்படையில் நியமித்தீர்கள்?” என்று வழக்குப் போடுவார்.

இப்படிக் கிளம்பிய வழக்குகள் பல சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கின்றன. ஒரு தீர்ப்பு வக்கீலுக்கு சாதகம். அடுத்த தீர்ப்பு சர்க்காருக்கு சாதகம். பார்க்கிறவர்களுக்கு குழப்பமாக இருக்கும்.

“வக்கீல்களுக்குள் நடக்கும் நாற்காலிச் சண்டை. நமக்கென்ன?” என்று நினைத்தால் அது தப்பு. கடைப் பூட்டை உடைத்தவனை போலீஸ் பிடித்து கோர்ட்டில் நிறுத்தினால், அவனுக்கு எதிராக வாதாடப் போகிறவர் கடைக்காரர் பீஸ் கொடுத்து வைத்த வக்கீல் அல்ல. சர்க்கார் வக்கீல்தான். அவர் கட்டைப் படிக்காமல் வந்து நின்றால் திருடன் கையை வீசிக்கொண்டு போய்விடுவான்.

எத்தனை வகை வக்கீல்?

சர்க்கார் வக்கீல் என்றால் ஒரே ஆள் இல்லை. பல படிகள் உண்டு.

மத்திய சர்க்காருக்கு அட்டர்னி ஜெனரல். அரசியல் சட்டம் 76-வது பிரிவுப்படி ஜனாதிபதி நியமிக்கிறார். மாநிலத்துக்கு அட்வகேட் ஜெனரல். 165-வது பிரிவுப்படி கவர்னர் நியமிக்கிறார். இந்த இரண்டு பதவிக்கும் நிலையான காலம் கிடையாது. நியமித்தவர் விரும்பும் வரையில் பதவி. ஆட்சி மாறியதும் அட்வகேட் ஜெனரல் ராஜினாமா செய்வது இதனால்தான் வழக்கமாக இருக்கிறது.

“அடிஷனல்” அட்வகேட் ஜெனரல்கள் கதை வேறு. அரசியல் சட்டம் சொல்லுவது ஒரே ஒரு அட்வகேட் ஜெனரலைத்தான். ஆந்திராவில் அடிஷனல் நியமனங்களை எதிர்த்துப் போன வழக்கில், 2004-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. சர்க்கார் தன் நிர்வாக அதிகாரத்தில் இவர்களை வைத்துக்கொள்ளலாம். ஆனால் 165-வது பிரிவு தரும் அந்தஸ்து அவர்களுக்குக் கிடையாது என்பது தீர்ப்பின் சாரம்.

அதற்குக் கீழே சிவில் வழக்குக்கு கவர்ன்மெண்டு பிளீடர். கிரிமினல் வழக்குக்கு பப்ளிக் பிராசிக்யூட்டர். ஐகோர்ட்டிலும் உண்டு, ஜில்லா கோர்ட்டிலும் உண்டு. மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் அசிஸ்டெண்டு பப்ளிக் பிராசிக்யூட்டர், அதாவது ஏ.பி.பி.

சண்டை அதிகம் நடப்பது நடுவில் இருக்கும் பதவிகளுக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பப்ளிக் பிராசிக்யூட்டர் நியமனத்துக்கு சட்டத்தில் வழி தெளிவாக இருக்கிறது. 1973-ம் ஆண்டு கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 24-வது பிரிவு. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 18-வது பிரிவு. சாரம் ஒன்றுதான்.

ஜில்லாவில் கலெக்டர், அதாவது ஜில்லா மாஜிஸ்திரேட்டு, செஷன்ஸ் ஜட்ஜைக் கலந்து பேசி தகுதியான வக்கீல்கள் பட்டியல் தயார் பண்ணவேண்டும். பட்டியலில் பேர் இல்லாதவரை நியமிக்கக்கூடாது. வக்கீல் தொழிலில் குறைந்தது 7 வருடம் ஆகியிருக்கவேண்டும். ஐகோர்ட்டு பிராசிக்யூட்டர் என்றால் ஐகோர்ட்டைக் கலந்து பேசவேண்டும். ஒரு குறிப்பிட்ட வழக்குக்கு மட்டும் ஸ்பெஷல் பிராசிக்யூட்டர் வேண்டும் என்றால் 10 வருட அனுபவம் தேவை.

ஜட்ஜை ஏன் கலக்கவேண்டும்? எந்த வக்கீல் கட்டைப் படித்துவிட்டு வருகிறார், யார் வாய்தா மேல் வாய்தா கேட்கிறார் என்பது தினமும் மேடையில் உட்கார்ந்து பார்க்கும் ஜட்ஜுக்குத்தான் தெரியும். கட்சி ஆபீசுக்குத் தெரியாது.

ஏ.பி.பி. விஷயம் கொஞ்சம் பரவாயில்லை. ஒரு காலத்தில் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுகளில் போலீஸ் இலாகாவின் கீழேயே பிராசிக்யூட்டர்கள் இருந்தார்கள். பிடிக்கிறவரும் போலீஸ், வாதாடுகிறவரும் போலீசுக்கு அடங்கியவர். அது கூடாது, இவர்களைப் போலீஸ் இலாகாவிலிருந்து பிரிக்கவேண்டும் என்று மராட்டிய மாநில வழக்கில் 1995-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் ஏ.பி.பி. வேலைக்கு சர்வீஸ் கமிஷன் பரீட்சை நடத்துகிறது. எழுதிப் பாஸ் பண்ணவேண்டும்.

ஆக, சின்னக் கோர்ட்டு வக்கீலுக்குப் பரீட்சை உண்டு. கொலை வழக்கு நடத்தும் செஷன்ஸ் கோர்ட்டு வக்கீலுக்குப் பட்டியல்தான் உண்டு. கோளாறு ஆரம்பிக்கிற இடம் இதுதான்.

ஒரே சுற்றறிக்கை, அத்தனை பேரும் வீட்டுக்கு!

உத்தரபிரதேசத்தில் 1989 டிசம்பரில் புதிய ஆட்சி வந்தது. 1990 பிப்ரவரி 6-ந் தேதி ஒரு சுற்றறிக்கை போனது. மாநிலம் பூராவும் ஜில்லா கோர்ட்டுகளில் இருந்த சர்க்கார் வக்கீல்கள் அனைவருக்கும் பிப்ரவரி 28-ந் தேதியோடு பதவி முடிகிறது என்றது உத்தரவு. பதவிக்காலம் பாக்கி இருக்கிறதா, இல்லையா என்று பார்க்கவில்லை. நன்றாக வேலை செய்தவரா, தூங்கியவரா என்றும் பார்க்கவில்லை. ஒரே பேனாவில் அத்தனை பேரும் காலி!

வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். குமாரி ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கு என்று இது பேர் பெற்றது. 1990 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. நீதிபதி ஜே.எஸ்.வர்மா தீர்ப்பை எழுதினார்.

சர்க்கார் தரப்பு வாதம் என்ன? “இது கட்சிக்காரர்-வக்கீல் உறவு. வக்கீல் பிடிக்கவில்லை என்றால் கட்சிக்காரர் மாற்றிக்கொள்ளலாம். காரணம் சொல்லவேண்டியது இல்லை” என்பதுதான்.

கோர்ட்டு இதை ஒப்புக்கொள்ளவில்லை. சர்க்கார் சாதாரணக் கட்சிக்காரர் அல்ல. அது செலவழிப்பது பொதுப் பணம். ஜில்லா சர்க்கார் வக்கீல் பதவியில் பொதுக் காரியம் கலந்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு, அதாவது எல்லோரையும் சமமாக நடத்தவேண்டும் என்ற விதி, ஒப்பந்த விஷயத்திலும் சர்க்காரை விடாது. காரணம் பார்க்காமல் அத்தனை பேரையும் ஒரே அடியாக நீக்கியது தன்னிச்சையான செயல் என்று சொல்லி, சுற்றறிக்கையை ரத்து செய்தது.

பின்வாசல் வழியாக வந்தவர் கதை

வக்கீல்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அது நீடிக்கவில்லை.

அதே உத்தரபிரதேசத்தில், அதே 1990-ம் ஆண்டில், ஐகோர்ட்டில் இருந்த சர்க்கார் சட்ட அதிகாரிகள் சிலரும் நீக்கப்பட்டார்கள். ஐகோர்ட்டு அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்துவிட்டது. 1994-ம் ஆண்டு சட்டப் புத்தகங்களில் வெளிவந்த தீர்ப்பு இது. எழுதியவர் நீதிபதி பி.பி.சாவந்த்.

கோர்ட்டு கேட்ட கேள்வி இதுதான்: நீங்கள் பதவிக்கு வரும்போது எந்த முறையில் வந்தீர்கள்? விளம்பரம் இல்லை. தேர்வு இல்லை. தகுதியை யாரும் எடை போடவில்லை. வேண்டியவர் என்று வந்தீர்கள். இப்போது வேண்டாதவர் என்று அனுப்புகிறார்கள். பின்வாசல் வழியாக வந்தவர், அதே வாசல் வழியாகப் போகவேண்டியதுதான். இதுதான் தீர்ப்பின் சாரம்.

அதே தீர்ப்பில் சர்க்காருக்கும் குட்டு விழுந்தது. தகுதி பார்க்காமல் அரசியல் காரணத்துக்காக வக்கீல்களை வைக்கும் பழக்கத்தைக் கோர்ட்டு கண்டித்தது.

நீட்டிப்பு உரிமையா?

மூன்றாவது வழக்கும் உத்தரபிரதேசத்தில் இருந்துதான். பதவிக்காலம் முடிந்த ஒரு ஜில்லா சர்க்கார் வக்கீல், நீட்டிப்பு தரவில்லை என்று வழக்குப் போட்டார். அலகாபாத் ஐகோர்ட்டு அவருக்கு சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. சர்க்கார் அப்பீல் போட்டது.

2004 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது: சர்க்கார் வக்கீல் பதவிக்கு நீட்டிப்பு கேட்பது உரிமை ஆகாது. கோர்ட்டு பார்க்கவேண்டியது முடிவு எடுத்த முறையைத்தான். முடிவு சரியா தப்பா என்று மேல் அதிகாரி மாதிரி உட்கார்ந்து எடை போடக்கூடாது. அதே சமயம் நியமனம் தகுதி பார்த்து நடக்கவேண்டும், ஜில்லா ஜட்ஜின் கருத்துக்கு மதிப்பு கொடுக்கவேண்டும் என்றும் அறிவுரை சொன்னது.

இதில் ஒரு விசேஷம். ஜட்ஜைக் கலந்து பட்டியல் தயாரிக்கும் விதியையே உத்தரபிரதேசம் 1991-ம் ஆண்டு தன் மாநிலத் திருத்தத்தால் எடுத்துவிட்டது. சுற்றறிக்கை ரத்தாகி ஒரு வருடம் கூட ஆகாத சமயம் அது!

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்...

மூன்று தீர்ப்பும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று தோன்றும். கூர்ந்து பார்த்தால் ஒரு நூல் ஓடுவது தெரியும்.

முறையாக வந்தவரை, காலம் பாக்கி இருக்கும்போது, காரணம் இல்லாமல் கூட்டத்தோடு தூக்கி எறிந்தால் கோர்ட்டு தடுக்கும். முறை இல்லாமல் வந்தவர் வந்து அழுதால் கோர்ட்டு கை கொடுக்காது. காலம் முடிந்தவர் “நான்தான் தொடர்ந்து இருப்பேன்” என்று பிடிவாதம் பிடித்தாலும் நடக்காது.

அதாவது வக்கீலின் சம்பாத்தியத்தைக் காப்பாற்றுவது கோர்ட்டின் வேலை இல்லை. அந்தப் பதவியைக் காப்பாற்றுவதுதான் வேலை.

வேலை இல்லை, ஆனால் பணம் உண்டு!

உத்தரபிரதேசத்தை விட்டு பஞ்சாப், அரியானா பக்கம் போனால் இன்னொரு வேடிக்கை.

இரண்டு மாநிலமும் ஐகோர்ட்டில் சட்ட அதிகாரிகளை இஷ்டத்துக்கு நியமித்து வந்தன. எத்தனை பேர் தேவை என்ற கணக்கு இல்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற விதி இல்லை. அரியானாவில் வேலையே இல்லாமல் இருந்த சட்ட அதிகாரிகளுக்கும் பணம் போயிருக்கிறது என்று மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை சொன்னது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2016 மார்ச் 30-ந் தேதி தலைமை நீதிபதி டி.எஸ்.தாக்கூர், நீதிபதி குரியன் ஜோசப் ஆகியோர் தீர்ப்பு கூறினார்கள். பிரிஜேஷ்வர்சிங் சாகல் வழக்கு என்று இது வக்கீல்கள் வாயில் அடிபடுகிறது.

முதலில் எத்தனை பேர் தேவை என்று கணக்கெடு. பிறகு தேர்வுக் கமிட்டி போடு. தகுதி பார்த்துப் பட்டியல் தயார் பண்ணு. அந்தப் பட்டியலை ஐகோர்ட்டு தலைமை நீதிபதிக்கு அனுப்பி அவருடைய கருத்தைக் கேள். இதுதான் உத்தரவு. இது பஞ்சாப், அரியானாவுக்குப் போட்ட உத்தரவு. மற்ற மாநிலங்களும் இதே வழியில் தங்கள் முறையைச் சீர்திருத்திக்கொள்ளலாம் என்று கோர்ட்டு சொன்னது.

தீர்ப்பு வந்த கையோடு அரியானா 2016-ம் ஆண்டிலும், பஞ்சாப் 2017-ம் ஆண்டிலும் இதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தன.

பெங்களூரில் நடந்த சண்டை

சர்க்கார் வக்கீல் யார் என்பதே பெரிய வழக்காக மாறிய கதை தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தெரியும். ஜெயலலிதா சொத்து குவிப்பு வழக்குதான் அது.

சென்னையில் விசாரணை நடந்தபோது, 2001-ம் ஆண்டு ஆட்சி மாறிய பிறகு, 76 சாட்சிகள் திரும்பக் கூப்பிடப்பட்டார்கள். அதில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். சர்க்கார் வக்கீல் அதை ஆட்சேபிக்கவில்லை. தி.மு.க. பொதுச்செயலாளராக இருந்த க.அன்பழகன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2003 நவம்பர் 18-ந் தேதி வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது.

அங்கே ஸ்பெஷல் வக்கீலாக இருந்த பி.வி.ஆச்சார்யா 2012-ல் ராஜினாமா செய்தார். 2013-ல் பவானிசிங் வந்தார். அதே வருடம் கர்நாடக சர்க்கார் அவர் நியமனத்தை வாபஸ் வாங்கியது. இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர் யார்? குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதாதான்! தனக்கு எதிராக வாதாடும் வக்கீலே தொடர்ந்து இருக்கட்டும் என்று கேட்டார். 2013 செப்டம்பர் 30-ந் தேதி கோர்ட்டு வாபஸ் உத்தரவை ரத்து செய்தது. பவானிசிங் தொடர்ந்தார்.

2014 செப்டம்பர் 27-ந் தேதி தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீல் கர்நாடக ஐகோர்ட்டுக்குப் போனது. அப்பீலிலும் பவானிசிங் ஆஜராக உத்தரவு போட்டது தமிழ்நாடு சர்க்கார். “தமிழ்நாட்டுக்கு ஏது இந்த அதிகாரம்?” என்று க.அன்பழகன் மறுபடியும் வழக்குப் போட்டார்.

2015 ஏப்ரல் 15-ந் தேதி இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். 27-ந் தேதி மூன்று நீதிபதிகள் பெஞ்ச் முடிவு சொன்னது. வழக்கு நடத்தும் உரிமை கர்நாடகத்துக்குத்தான். தமிழ்நாடு வக்கீலை நியமித்தது செல்லாது. ஆனால் அப்பீலைத் திரும்ப முதலிலிருந்து விசாரிக்கத் தேவை இல்லை. கர்நாடகமும் அன்பழகனும் எழுத்து மூலம் வாதம் தரலாம் என்றது.

அதாவது அப்பீலில் வாதாடியவர் வாதாட அதிகாரம் இல்லாதவர் என்று முடிவானது, வாதம் எல்லாம் முடிந்து தீர்ப்புக்குக் காத்திருந்த சமயத்தில்! மே 11-ந் தேதி ஐகோர்ட்டு எல்லோரையும் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரி 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலையை ரத்து செய்து பழைய தண்டனையை நிலைநிறுத்தியது. ஜெயலலிதா 2016 டிசம்பரில் காலமாகிவிட்டதால் அவர் மீதான நடவடிக்கை அதோடு முடிந்தது.

ஸ்பெஷல் வக்கீல் கேட்கலாமா?

பாதிக்கப்பட்டவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. “சர்க்கார் வக்கீல் மேல் நம்பிக்கை இல்லை. நாங்கள் சொல்லும் வக்கீலைப் போடுங்கள். பீஸ் நாங்களே தருகிறோம்” என்று மனுக் கொடுக்கிறார்கள்.

1988-ம் ஆண்டு முகுல் தலால் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்குக் கடிவாளம் போட்டது. கேட்டவுடன் ஸ்பெஷல் வக்கீல் தரக்கூடாது. தகுந்த காரணம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பீஸ் சாதாரணமாக சர்க்கார் பணத்திலிருந்துதான் போகவேண்டும். ஏன் என்றால், பிராசிக்யூட்டர் பழிவாங்க வந்தவர் அல்ல. உண்மையைக் கோர்ட்டு முன் வைக்க வந்தவர்.

பாதிக்கப்பட்டவருக்கு வேறு வழியே இல்லையா? உண்டு. கோர்ட்டு அனுமதியோடு சொந்த வக்கீலை வைத்து சர்க்கார் வக்கீலுக்கு உதவி செய்யலாம். ஆனால் அந்த வக்கீல் எழுந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று 2019 நவம்பரில் மேற்குவங்காள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. கேட்கவேண்டிய கேள்வி இருந்தால் சர்க்கார் வக்கீல் மூலம்தான் வரவேண்டும்.

ஆக, சுற்றிச் சுற்றி வந்தாலும் சாவி சர்க்கார் வக்கீல் கையில்தான்.

எந்த வழக்கு நிற்கும்? எது விழும்?

நியமனத்தை எதிர்க்க இரண்டு வழி. பதவி போன வக்கீல் தானே ரிட் மனு போடலாம். அல்லது, சட்டம் சொன்ன தகுதி இல்லாதவர் பதவியில் இருந்தால், “எந்த அதிகாரத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்று கேட்கும் கோ-வாரண்டோ மனு போடலாம். அதற்குப் பொது ஜனங்களில் ஒருவரே போதும்.

பட்டியலில் பேர் இல்லை, 7 வருட அனுபவம் இல்லை, கலக்கவேண்டிய ஜட்ஜைக் கலக்கவில்லை, நியமித்தவருக்கே அதிகாரம் இல்லை என்பது போன்ற காரணங்களை கோர்ட்டு காது கொடுத்துக் கேட்கும்.

“அவரைவிட நான் கெட்டிக்காரன்” என்றால் நிற்காது. “எனக்கு நீட்டிப்பு தரவில்லை” என்றாலும் நிற்காது. ஆளைப் பொறுக்கி எடுப்பது கோர்ட்டின் வேலை அல்ல.

நஷ்டம் யாருக்கு?

இந்தச் சண்டையில் ஜெயிக்கிற வக்கீல் உண்டு, தோற்கிற வக்கீல் உண்டு. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது வழக்கு வைத்திருக்கும் ஜனங்கள்தான்.

புதிய வக்கீல் வந்தால் கட்டைப் படிக்க அவகாசம் கேட்பார். வாய்தா போகும். வேலையை விட்டு, கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறி சாட்சி சொல்ல வந்தவர் திரும்பிப் போகவேண்டும். இரண்டு தடவை திரும்பிப் போனால் மூன்றாவது தடவை வர மனசு வராது. சாட்சி வராவிட்டால் வழக்கு விழும்.

சிவில் பக்கமும் அப்படித்தான். சர்க்கார் நிலத்தை வளைத்தவன் மேல் வழக்கு இருந்து, அன்றைக்கு சர்க்கார் வக்கீல் ஆஜராகவில்லை என்றால், போவது வக்கீலின் நிலம் அல்ல. ஊருக்குச் சொந்தமான நிலம்.

வக்கீலை மாற்ற சர்க்காருக்கு அதிகாரம் உண்டு என்பதைக் கோர்ட்டு எந்தத் தீர்ப்பிலும் மறுக்கவில்லை. தேவையைக் கணக்கெடு, தகுதியைப் பார், ஜட்ஜைக் கேள், பிறகு போடு என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இதைச் செய்ய பெரிய செலவு ஒன்றும் இல்லை. “நம்ம ஆள்” என்ற எண்ணத்தைக் கோர்ட்டு வாசலுக்கு வெளியே விட்டுவிட்டால் போதும்.

அதைச் செய்யாத வரையில், ஒவ்வொரு ஆட்சி மாற்றத்துக்கும் பிறகு ஐகோர்ட்டில் புதிய ரிட் மனு வந்துகொண்டேதான் இருக்கும்.